நாற்பத்து நான்காவது வீடு

புதுச் செல்லை உறையிலிருந்து பிரித்ததும் ஜெரால்டின் அக்கா அதைச் சென்சாருக்குள் போட்டுவிட மாட்டார். முதலில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய அந்தப் பட்டன் செல்லின் இரண்டு பக்கத்தையும், நகை துடைக்கிற கவனத்தோடு துடைப்பார். பஞ்சை ஒருதரம் முகர்ந்து பார்ப்பார். பிறகு பக்கத்தில் நிற்கிறவர் யாரானாலும் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

"கொழந்தைங்க முழுங்கிடக் கூடாதுன்னு மேல கசப்பு தடவி அனுப்பறான். நல்ல விஷயந்தான். ஆனா அந்தக் கசப்பு சில நேரம் கரண்ட்ட விடாது. தொடைக்காம போட்டா நாலே நாள்ல செத்துட்டன் செத்துட்டன்னு கத்தும். ஏக்தம் டிராமா."

அடுத்தது புருவம் திருத்துகிற சிமிட்டா. அதன் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் டேப் சுற்றியிருக்கும். விரல் ரேகை செல்லின் மேல் படக்கூடாது என்பது அவர் சட்டம். சிமிட்டாவால் பிடித்து, குழிக்குள் வைத்து, கட்டை விரல் நகத்தால் ஒரு அழுத்து. 'டிக்' என்று கேட்டால்தான் முகத்தில் சிரிப்பு வரும். கடைசியாகச் சென்சாரின் முதுகில் தேதி எழுதிய சீட்டு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபத்தேழு வருஷம் உதவியாளராக இருந்தவர், ஆசிட் புட்டிக்கு எழுதின கையெழுத்து இன்னும் மாறவில்லை.

எங்கள் வானவடிக் குடியிருப்பில் அவர் இரண்டாவது மாடி, நான் மூன்றாவது. நான் கோயம்புத்தூர்க்காரி, கணினி நிரல்களில் ஓட்டை கண்டுபிடித்துக் கொடுக்கிற வேலை. குடிவந்த புதிதில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட, தனியாக இருக்கிறோம் என்று நினைத்து அதை நல்ல கொங்குத் தமிழில் வைது தீர்த்தேன். மூலையிலிருந்து ஒரு குரல்: "இந்த லிஃப்டுக்குத் தமிழ் தெரியாது. மராட்டியில திட்டுங்க, உடனே கேக்கும்." திரும்பினால் காட்டன் குர்த்தா, ஹெல்மெட், தோளில் ஒரு பிதுங்கிய பை. தாத்தா காலத்தில் வேலூரிலிருந்து ராணுவத்தோடு புனே வந்து, கண்டோன்மென்ட் பக்கமே தங்கிவிட்ட குடும்பம். வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைப் பதினோரு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தார். அந்த அம்மாவும் போய் நான்கு வருஷமாகிறது. வீட்டில் அவரும் ஒரு மிக்ஸியும் மட்டும்தான் சத்தம் போடுகிறவர்கள், மிக்ஸியும் வாரத்துக்கு ஒருமுறைதான்.

அவர் வேலையைச் சொல்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே தனியாக. இப்படி புனேயில் எத்தனை வீடு என்று கணக்கே கிடையாது. கேமரா வைத்தால் பெரியவர்களுக்குக் கூச்சம். அதற்குப் பதில் வாசல் கதவில் ஒன்று, ஃபிரிட்ஜில் ஒன்று, பாத்ரூமுக்குப் போகிற பாசேஜில் ஒன்று என்று தீப்பெட்டி அளவுச் சென்சார்களை ஒட்டிவிடுகிறார்கள். ஒயர் கிடையாது, செல்லில் ஓடும். கதவு திறந்தால் சொல்லும், ஆள் நடந்தால் சொல்லும். ஒன்றுமே நடக்காவிட்டாலும் மணிக்கு ஒருதரம் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு தகவல் அனுப்பும். அந்த வேலையைச் செய்கிற ஒரு சின்னக் கம்பெனிக்கு ஜெரால்டின் அக்காதான் கை, கால், ஸ்கூட்டர் எல்லாம். நாற்பத்து மூன்று வீடுகள் அவர் போனில் வரிசையாக நிற்கும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை. செல் இறங்கினால் மஞ்சள். தகவலே வராவிட்டால் சாம்பல்.

"சாம்பல் வந்தா உக்கார முடியாது. ஆள் சைலண்ட்டா, செல் சைலண்ட்டா? அத கண்டுபுடிக்கறதுதான் என் வேலை. மொதல்ல போன் அடிக்கணும். எடுக்கலன்னா வண்டிய எடுக்கணும்."

யாரையும் நேரில் பார்க்காமலே எல்லாருடைய நடமாட்டமும் அவருக்குத் தெரியும். லுல்லாநகர் கர்னல் வீட்டு ஃபிரிட்ஜ் விடியற்காலை நாலு மணிக்குத் திறக்கும். "சுகர் வெச்சிக்கினு ஸ்ரீகண்ட் ஸ்வீட் திங்கறார் மனுஷன். பொண்டாட்டிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்." எழுபத்தாறு வயது ருக்மிணி அம்மா மூன்று நாளாகக் கதவைத் திறக்கவில்லை என்றால் மருமகளோடு போனில் சண்டை என்று அர்த்தம். டிசம்பரில் காலையில் செல்லெல்லாம் முப்பது சதவீதம் காட்டும், வெயில் ஏறினால் நாற்பதைத் தாண்டும். "அதுங்களுக்கும் குளிருது. உடனே மாத்திடக் கூடாது, பத்து மணி வரைக்கும் பொறுக்கணும்" என்பார்.

நாற்பத்து நான்காவதாக ஒரு வீடு அந்த வரிசையின் கடைசியில் இருக்கும். அது அவருடையதே. சோதனைக்கென்று கொடுத்த ஒரு சென்சாரைத் தன் வாசல் கதவில் ஒட்டியிருக்கிறார். எல்லா வீட்டுக்கும் 'யாருக்குத் தகவல் போக வேண்டும்' என்று ஒரு இடம் நிரப்ப வேண்டும். மகன், மகள், தங்கை என்று எழுதுவார்கள். தன் வீட்டுக்கு அக்கா தன் நம்பரையே எழுதினார். சாயங்காலம் வீடு திரும்பிக் கதவைத் திறப்பார், கைப்பைக்குள் போன் அதிரும்: 'ஜெரால்டின் வீட்டுக் கதவு திறந்தது.' ஒருநாள் மாவு வாங்கப் பின்னாலேயே போன என் காதில் விழுந்தது. போனைப் பார்த்து, "வந்துட்டன் வந்துட்டன்" என்றார். மாவைக்கூட வாங்காமல் மாடி ஏறிவிட்டேன்.

நாற்பத்து மூன்றில் ஒரு வீடு மட்டும் கணக்குக்கு அடங்காமல் இருந்தது. நிக்டியில் பாலசுப்ரமணியன் வீடு. மனுஷர் அம்பாசமுத்திரத்துக்காரர், போசரியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டர். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவர். மனைவி இல்லை. ஒரே மகள் ப்ரீத்தி நெதர்லாந்தில். மற்ற வீடுகளில் ஒன்றரை வருஷம் வருகிற செல், இவர் வீட்டில் மூன்று வாரத்தில் மஞ்சளாகிவிடும். அக்கா சென்சாரையே மாற்றிப் பார்த்தார், வைஃபை பெட்டியை இடம் மாற்றிப் பார்த்தார். ஊஹும். போன் செய்தால் அவர் எடுக்கவும் மாட்டார். வானவடியிலிருந்து நிக்டிக்கு இந்தப் புனே டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம். தலையெழுத்தே என்று போய்த்தான் ஆக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை நானும் பின்னால் தொற்றிக்கொண்டு போனேன். அவர் இருக்கிற சொசைட்டிக் குடியிருப்பின் கேட்டில் காவலாளி நோட்டை நீட்டினார். பெயர், வீட்டு எண், வந்த காரணம். காரணத்தில் அக்கா 'பேட்டரி' என்று எழுதினார். முந்தைய பக்கங்களைப் புரட்டினேன், மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே கையெழுத்து, அதே 'பேட்டரி'.

கதவு தட்டுவதற்கு முன்னாலேயே திறந்தது. தேய்த்த சட்டை, நெற்றியில் திருநீறு. உள்ளே மேசையில் மூன்று தட்டு போஹா, நம் அவல் உப்புமாதான், மேலே தேங்காய்ப்பூ தூவி. என்னையும் கூட்டி வருவதாக அக்கா சொல்லவே இல்லை. ஸ்கூட்டரில் இரண்டு தலையை பால்கனியிலிருந்து எண்ணியிருக்கிறார்.

"வாங்கம்மா, வாங்க. இந்தச் செல்லு ஏன் இப்படி எறங்குதுன்னே தெரியல. நானும் தினம் பாக்கேன். தன்னால எறங்குது, நான் என்ன செய்ய?"

"பாசேஜ்ல நடக்கறீங்க இல்ல சார், அதான் செலவாவுது" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

"அப்ப நடக்காம இருக்கவா?"

"வேணாம் வேணாம். நல்லா நடங்க."

அக்கா ஸ்டூல் போட்டு ஏறிச் செல்லை எடுத்து மீட்டரில் வைத்தார். இரண்டே கால் வோல்ட், புதுசு என்றால் மூன்று காட்டும். என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சுருக்கினார். திரும்பும் வழியில், சிக்னலில், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிச் சொன்னார்: "அது நான் போட்ட செல்லே இல்ல. நான் தொடைச்சி போட்டா பளபளன்னு இருக்கும். சமையக்கட்டு எலக்ட்ரானிக் தராசுல இருந்து எடுத்த பழைய செல்ல போட்டுட்டு, என் புதுச் செல்ல தராசுல வெச்சிருக்கார். ஆறு மாசமா நடக்குது. அவர்கிட்டயும் மீட்டர் இருக்குது. ரொம்பவும் எறங்கக் கூடாது, மஞ்சள் மட்டும் வரணும், அந்த மாதிரி அளந்து போடறார். இன்ஸ்பெக்டர் இல்ல? பக்கா."

"கேட்கலையா அக்கா?"

"கேட்டா நிறுத்திடுவாரே." சிக்னல் விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தவனை மராட்டியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

தனியாக இருப்பது பாலசுப்ரமணியன் மட்டும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வீட்டில் இருந்த அரைமணி நேரத்தில் அக்கா பேசின பேச்சை நான் வானவடியில் ஒரு மாதத்திலும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிட் கொட்டின கதை, அம்மா கடைசி வாரம் என்ன கேட்டார் என்ற கதை. என்னிடம் சொல்லாததெல்லாம் அந்தப் போஹாத் தட்டுக்கு முன்னால் வந்து விழுந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் அது நடந்தது. பாலசுப்ரமணியன் மதியம், வெயிலில், வழக்கம்போலப் பழைய செல்லை அளந்து போட்டார். மறுநாள் விடியலில் இந்த வருஷத்தின் கடுங்குளிர். செல் மொத்தமாகப் படுத்துவிட்டது. மஞ்சள் வரவேண்டிய இடத்தில் சாம்பல் வந்தது. ஏழே முக்காலுக்கு அக்கா அதைப் பார்த்தார். மூன்றுமுறை போன் செய்தார். எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டாராம். 'சாருக்கு இன்னிக்கி ரொம்பப் பேசணும் போல' என்று நினைத்து, வானவடியில் மூன்று வீட்டையும் வழியில் ஒரு வீட்டையும் முடித்துக்கொண்டு, பேக்கரியில் அவருக்குப் பிடித்த, மொறுமொறுவென்று உதிர்கிற காரி பிஸ்கட் வாங்கிக்கொண்டு, பதினொன்றே காலுக்கு நிக்டி போய்ச் சேர்ந்தார்.

கதவு திறக்கவில்லை. கம்பெனி கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியால் திறந்தார். பாசேஜில், சென்சாருக்கு நேர் கீழே, அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு வழுக்கி விழுந்திருக்கிறார். கணுக்கால் எலும்பு உடைந்துவிட்டது. உதடெல்லாம் நீலம்.

"நீங்க கூப்பிட்டது கேட்டுது அம்மா" என்றாராம். "மூணு தடவ. போன் கட்டில் மேல கெடந்துது. வந்திருவீங்கன்னு தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, சென்சாரைக் காட்டி, "தப்பா அளந்துட்டேன். குளிர கணக்குல எடுக்கல. முப்பத்து நாலு வருஷத்துல இப்படி ஒரு தப்பு செஞ்சதில்ல" என்றிருக்கிறார்.

இதைச் சொல்லும்போது அக்கா என் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். நெஞ்சில் கை வைத்து, "பிஸ்கட் வாங்கினேன் மங்கை. கியூல நின்னு பிஸ்கட் வாங்கினன்" என்று அதையே நாலுமுறை சொன்னார். நான் என்ன சமாதானம் சொன்னேன் என்று நினைவில்லை. எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

கம்பெனி முதலாளி சாய்கிருஷ்ணா, முப்பது வயது ஐதராபாத் பையன், விசாரணை வைத்தான். சென்சார் ஏன் செத்தது? நெதர்லாந்திலிருந்து ப்ரீத்தி வீடியோவில் அழுதுகொண்டு கேட்டாள். அக்கா ஒரே பதில்தான் சொன்னார்: பையில் கிடந்த பழைய செல்லைப் புதுச் செல் என்று நினைத்து நான்தான் போட்டுவிட்டேன்.

எனக்கு வந்த கோபம்! "உங்களுக்கு என்ன பைத்தியமா? செல்லைத் துடைக்காமல் போடாத மனுஷி, பழைய செல்லைப் போட்டேன்னு சொன்னால் யார் நம்புவாங்க?" என்று கத்தினேன்.

"நம்பிட்டாங்களே" என்றார். "நெஜத்த சொன்னா அந்தப் பொண்ணு என்னா பண்ணும்? அப்பாவுக்கு மூளை கொழம்பிப் போச்சின்னு உடனே வந்து ஒரு ஹோம்ல சேக்கும். வீட்ட பூட்டும். எனக்கு நாப்பத்தி மூணுல ஒரு வீடு போச்சி, பஸ், அவ்ளோதான். அவருக்கு இருக்கறதே ஒரு வீடு."

அக்காவின் அந்த ஒரு வீடு போயேவிட்டது. நிக்டியை அவர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே இப்போது சுவர் பிளக்கில் செருகுகிற சென்சார். செல் கிடையாது, மாற்ற ஆள் கிடையாது, என்றைக்கும் பச்சை. சமைக்கவும் துணைக்கும் பகலில் ஓர் அம்மா வருகிறார், மராட்டிக்காரர். நல்லவர்தான், ஆனால் அம்பாசமுத்திரம் பேச முடியாது.

"சும்மா ஒருநாள் போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்று நான் சொல்லாத நாளில்லை.

"கேட்ல நோட்டு நீட்டுவான். காரணம்னு என்னா எழுதறது?"

"நலம் விசாரிக்கன்னு எழுதுங்க."

"இந்த வயசுல ஒரு பொம்பள, தனியா இருக்கற ஆம்பள வீட்டுக்கு, நலம் விசாரிக்க. அந்த சொசைட்டி மொத்தமும் படிக்கும் மங்கை. அவருக்கும் அதேதான். போன் பண்ணணும்னா ஒரு விஷயம் வேணும் இல்ல? சும்மா கூப்பிடற பழக்கம் எங்க ரெண்டு பேருக்கும் இல்ல. ஒரு வேலை இருந்தா பேசுவம்."

பிப்ரவரி முழுக்க அவர் ஒல்லியாகிக்கொண்டே வந்தார். போனில் நிக்டி வீடு இருந்த வரிசையில் விரல் நின்று நின்று போகும். நாற்பத்திரண்டு பச்சையையும் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

இந்தப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போன வாரம் அனுமதி கேட்டேன். நிக்டி விஷயத்தையும் எழுதலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "தமிழ்ப் பத்திரிகையா?" என்று யோசித்தார். "அப்ப தாராளமா எழுது. சாய்க்குத் தமிழ் தெரியாது. ப்ரீத்தி பேசும், படிக்க வராது. நம்ம மூணு பேரத் தவிர யாருக்கும் வெளங்காது." மூன்றாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணிக்கு, சர்ச்சுக்கு உடுத்திய புடவையை மாற்றாமலே என்னைக் கீழே கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் ஸ்பிரிட், பஞ்சு, சிமிட்டா, மீட்டர் எல்லாம் பரப்பியிருந்தது. மேசையின் இழுப்பறை திறந்து கிடந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு புதுச் செல்கள், உறை பிரிக்காமல். தீர்ந்துபோன செல்கள் போட்டு வைக்கிற டின்னைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்து அளந்துகொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை.

"நிக்டி வீட்டுச் சாவிய திருப்பிக் குடுக்கப் போனன் இல்ல, கடைசியா" என்றார், தலை நிமிராமல். "அப்ப சார்கிட்ட கேட்டன். என் வீட்டையும் யாராச்சும் பாக்கணும், உங்க நம்பர் போட்டுக்கட்டுமான்னு. எந்தச் சென்சார், எத்தன நாளைக்கி ஒருக்கா செல் மாத்துவீங்க, எல்லாம் வெசாரிச்சிட்டு, சரி போடுங்கன்னாரு. ஒரு மாசம் யோசிச்சிட்டு இன்னிக்கித்தான் போட்டன்."

போனை என் பக்கம் தள்ளினார். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அதே நாற்பத்து நான்காவது வீடு. 'யாருக்குத் தகவல் போக வேண்டும்' என்ற இடத்தில் பாலசுப்ரமணியன், நிக்டி.

ஒரு செல்லை டின்னிலிருந்து தேர்ந்தெடுத்தார். பழசுதான், இருந்தாலும் பஞ்சால் இரண்டு பக்கமும் துடைத்தார். "வேண்டாம் அக்கா, ஒருதரம் பட்டது போதாதா?" என்றேன்.

"கதவுதான், பாசேஜ் இல்ல. பாசேஜ்ல ஒண்ணு தனியா ஒட்டிட்டன், புதுச் செல்லு போட்டு. இந்தப் பழைய செல்லக்கூட காலையில அஞ்சு மணிக்கி ஒருதரம் அளந்தன். குளிருக்கும் சேத்து."

ஸ்டூல் போட்டு ஏறிச் சிமிட்டாவால் வைத்து, நகத்தால் அழுத்தினார். 'டிக்.' கதவை ஒருதரம் திறந்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். குக்கர் மூடி, கடிகாரம், தெருவில் பழைய பேப்பர்க்காரனின் கூவல். இருபது நிமிஷம் போயிருக்கும். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூங்குவாரு இந்நேரம்" என்று எழுந்தார்.

போன் அடித்தது.

அவர் பாய்ந்து எடுத்த வேகத்தில் சிமிட்டா கீழே விழுந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், பதற்றத்தில்.

"ஏம்மா ஜெரால்டின்? உங்க வீட்டுக் கதவுச் செல்லு பதினெட்டுன்னு காட்டுது. எறங்கிட்டே போகுதே, பாக்கலையா? இப்படி அசட்டையா இருக்கலாமா? புதுச் செல்லு இருக்கா கையில?"

"இல்லையே சார்" என்றார் அக்கா. "தீந்து போச்சி. கடைக்கிப் போணும், எப்ப போவன்னு தெரியல. நீங்க நாளைக்கும் ஒருதரம் பாத்துச் சொல்றீங்களா?"

"சொல்லுதேன். கால இன்னும் கீழ ஊனக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கான். எனக்கு வேற என்ன வேல? அங்க மழை கிழை பெய்யுதா? அந்த ஆசிட் கதையில பாதிதான் சொன்னீங்க அன்னைக்கு, அந்த டீச்சருக்கு அப்புறம் என்னதான் ஆச்சு?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். போனை மேசையில் நிமிர்த்தி வைத்தார். பிறகு, புதுச் செல்கள் நிறைந்து கிடந்த இழுப்பறையை, சத்தம் வராமல், முழங்காலால் மெல்லத் தள்ளி மூடினார்.